புது ஹெட்போனை ‘பர்ன்-இன்’ செய்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது ஹெட்போன் வாங்கினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: “உடனே கேட்டு முடிவு பண்ணாதே. நூறு மணி நேரம் பாட்டு ஓட விடு, அப்புறம்தான் சவுண்ட் செட் ஆகும்.” கடைக்காரர்கள் சொல்கிறார்கள். யூடியூபில் சொல்கிறார்கள். சில தயாரிப்பாளர்கள் பெட்டிக்குள் வைக்கும் கையேட்டிலேயே எழுதுகிறார்கள். இதற்குத்தான் பர்ன்-இன் அல்லது பிரேக்-இன் என்று பெயர். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வேண்டுமா வேண்டாமா?

வேண்டாம். பெட்டியைப் பிரித்த அன்றே மாட்டிக்கொண்டு கேளுங்கள். அப்படிக் கேட்பதால் ஹெட்போனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. தனியாக ஓட விடுவதால் கிடைக்கப்போகிற லாபமும் இல்லை. ஏதாவது கொஞ்சம் தளர வேண்டியிருந்தால், நீங்கள் பாட்டுக் கேட்கும்போதே அது தளர்ந்துவிடும்.

பர்ன்-இன் என்று எதைச் செய்கிறார்கள்?

ஹெட்போனைப் போனிலோ கணினியிலோ செருகி, யாரும் காதில் மாட்டாமல் மணிக்கணக்கில் ஒலிக்க விட்டுவிடுவார்கள். சிலர் பாட்டு போடுவார்கள். சிலர் ‘பிங்க் நாய்ஸ்’ எனப்படும் சீரான இரைச்சலைப் போடுவார்கள்; அருவிச் சத்தம்போல இருக்கும், ஒவ்வொரு ஆக்டேவிலும் (அதிர்வெண் இரட்டிப்பாகிற ஒவ்வொரு படியிலும்) ஒரே அளவு சக்தி கொண்டது. இன்னும் சிலர் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும் ஒற்றைச் சுரத்தைப் போடுவார்கள். எத்தனை மணி நேரம் என்பதில் ஒற்றுமை கிடையாது. ஒருவர் 20 என்பார், ஒருவர் 50 என்பார், 300 என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே பொருளைப் பற்றி இவ்வளவு வேறுபட்ட எண்கள் உலவுவதே, யாரும் அளந்து பார்த்து இதைச் சொல்லவில்லை என்பதைக் காட்டுகிறது.

இதற்கு ஒரு அறிவியல் காரணம் சொல்கிறார்களே, அதில் உண்மையே இல்லையா?

கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறொரு பொருளைப் பற்றிய உண்மை.

பெரும்பாலான ஹெட்போன்களுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர். வட்டமான மெல்லிய சவ்வு, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச் சுருள், அதைச் சுற்றி ஒரு காந்தம். சுருளில் மின்சாரம் பாயும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது, காற்று அதிர்கிறது. “சவ்வு புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும், ஓட ஓட இளகிக் கொடுக்கும், பாஸ் நன்றாக வரும், கூர்மையான ட்ரெபிள் மழுங்கும்” என்பதுதான் பர்ன்-இன் ஆதரவாளர்களின் வாதம். (பாஸ் என்பது கனத்த கீழ் ஒலிகள், ட்ரெபிள் என்பது கீச்சென்ற மேல் ஒலிகள்.)

பெரிய ஸ்பீக்கர்களில் இப்படி ஒன்று நிஜமாகவே நடக்கிறது. பாஸ் ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் கூம்புக்குப் பின்னால் ‘ஸ்பைடர்’ என்று ஒரு துணி வளையம் இருக்கும். பருத்தித் துணியை ரெசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி, மடிப்பு மடிப்பாகச் செய்வார்கள். கூம்பை நடுவில் பிடித்து வைப்பதும், அசைந்த பிறகு பழைய இடத்துக்கு இழுப்பதும் அதன் வேலை. முதல்முறை நன்றாக ஆடும்போது அந்த ரெசினின் பிடி தளர்கிறது. வூஃபரின் இயல்பான அதிர்வெண் சற்றுக் கீழே இறங்குவதை மீட்டர் வைத்தே பார்க்கலாம். சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்கள் வூஃபரைக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு அளவெடுப்பது இதனால்தான். அங்கேயும்கூட மாற்றத்தின் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடும். மூடிய பெட்டிக்குள் பொருத்திய பிறகு, உள்ளே அடைபட்ட காற்றின் விறைப்புதான் பெரிது என்பதால், காதுக்கு எட்டும் வித்தியாசம் இன்னும் குறைந்துபோகும்.

ஹெட்போனில் அந்த ஸ்பைடரே கிடையாது. சவ்வின் ஓரத்திலேயே நெளிநெளியாக மடிப்பு வைத்திருப்பார்கள். அதுதான் சவ்வைத் தாங்குகிறது. பெரும்பாலும் மைலார் போன்ற பிளாஸ்டிக் படலம். ஒரு அறை முழுக்க ஒலியை நிரப்ப வேண்டிய வூஃபர் பல மில்லிமீட்டர் ஆட வேண்டும். காதுக்கும் குஷனுக்கும் நடுவில் இருக்கிற கைப்பிடிக் காற்றை மட்டும் அசைக்க வேண்டிய ஹெட்போன் சவ்வு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆடினாலே போதும். தளர்வதற்கான ரெசின் துணியும் இல்லை, தளர்த்துகிற அளவுக்குப் பெரிய ஆட்டமும் இல்லை. ஸ்பீக்கரைப் பற்றிய ஒரு உண்மையை அப்படியே ஹெட்போனுக்கும் பொருத்தியதில் வந்த நம்பிக்கை இது.

யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் டைல் ஹெர்ட்சென்ஸ் செய்தது. ஹெட்போன் விற்பனையில் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு நூற்றுக்கணக்கான ஹெட்போன்களைச் செயற்கைத் தலையில் (காதுக்குள் மைக் வைத்த பொம்மைத் தலை) மாட்டி அளந்து வெளியிட்டவர். ஏகேஜி நிறுவனத்தின் கே701 வகை ஹெட்போன்களுக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது: நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடினால்தான் வழிக்கு வரும் என்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த கியூ701 ஒன்றைப் புதிதாக எடுத்து, 2011-ல் அவர் ஓட விட்டு ஓட விட்டு அளந்தார். மாற்றம் தெரிந்தது, ஆனால் மிகச் சிறியது. பிறகு, ஓடிய ஜோடியையும் புது ஜோடியையும் எது எது என்று தெரியாமல் மாட்டிக் கேட்டு, பெரும்பாலான முறை சரியாகவே அடையாளம் கண்டார்.

அப்படியானால் பர்ன்-இன் உண்மைதானே என்று கேட்கலாம். அவர் ஒப்பிட்டது இரண்டு தனித்தனி ஜோடிகளை. ஒரே மாடலில் ஒரே நாளில் தயாரான இரண்டு ஹெட்போன்களுக்குள்ளேயே சிறு வித்தியாசம் இருக்கும். அவர் கேட்டுப் பிடித்தது ஓட்டத்தின் விளைவையா, அந்த இரண்டு ஜோடிகளுக்குள் பிறவியிலேயே இருந்த வித்தியாசத்தையா என்று அந்தச் சோதனையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அவரும் பெரிய முடிவு எதையும் அறிவிக்கவில்லை. நான் அந்தச் சோதனையை மதிப்பதும் அதனால்தான். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னார்.

இன்னொரு பக்கம் ஷூர் நிறுவனம். நம் ஊர்க் கச்சேரி மேடைகளில் நிற்கிற மைக்குகளால் பலருக்கும் தெரிந்த பெயர். 1997-ல் வெளிவந்த தங்கள் இ1 இயர்போன்களில், நன்றாகப் புழங்கியவற்றை எடுத்து அளந்தபோது, தொழிற்சாலையைவிட்டு வந்த அன்று இருந்த அதே ஒலிதான் வந்தது என்று அவர்கள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். “ஓட விட்டால் நன்றாகும்” என்று சொல்லிவிட்டால் புகார்கள் குறையும், திருப்பி அனுப்புகிறவர்களும் குறைவார்கள். அந்த வசதி இருந்தும் ஒரு தயாரிப்பாளர் இப்படிச் சொன்னால் அதற்கு எடை அதிகம்.

அளவெடுக்கிறவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்கிற ஒரு விஷயம் உண்டு. ஹெட்போனைச் செயற்கைத் தலையிலிருந்து கழற்றி மறுபடி மாட்டினாலே அளவீட்டு வரைபடம் மாறும். அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே போனால் ட்ரெபிள் பகுதியில் சில டெசிபல் ஏறி இறங்கும். அதனால்தான் பலமுறை மாட்டிக் கழற்றி சராசரி எடுக்கிறார்கள். நூறு மணி நேரம் ஓடி வருகிற மாற்றம், நீங்கள் கண்ணாடியைச் சரிசெய்யக் கழற்றி மாட்டும்போது வருகிற மாற்றத்தைவிடச் சிறியது என்றால், அதைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது?

ஆனால் எனக்கு நிஜமாகவே ஒரு வாரத்தில் சவுண்ட் மாறியது. பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?

இல்லை. மாறியிருக்கும். மாற்றம் சவ்வில் நடக்கவில்லை, வேறு இடத்தில் நடந்திருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

முதல் இடம் குஷன். புது இயர்பேடின் நுரை புசுபுசுவென்று தடித்து, விறைப்பாக இருக்கும். சில நாள் காதைச் சுற்றி அழுந்தி, உடம்புச் சூட்டில் இளகி, உங்கள் தலையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிகிறது. அப்போது இரண்டு காரியம் நடக்கும். காது ஸ்பீக்கருக்கு இன்னும் பக்கத்தில் போகும். காதுக்குக் கீழே தாடை தொடங்குகிற பள்ளத்தில் இருந்த இடைவெளி அடைபடும். மூடிய ஹெட்போனில் அந்த இடைவெளி வழியாகத்தான் பாஸ் வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. அடைபட்டதும் பாஸ் கூடுகிறது. இது கற்பனை இல்லை; அளந்தால் தெரியும், சவ்வில் சொல்லப்படும் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பாட்டு ஓடும்போது ஒரு பக்கக் குஷனுக்கும் கன்னத்துக்கும் நடுவில் பென்சிலைச் செருகுங்கள். பாஸ் எப்படிக் காணாமல் போகிறது என்று கேளுங்கள்.

காதுக்குள் செருகுகிற இயர்போனில் குஷன் செய்கிற வேலையை அதன் முனையில் இருக்கும் ரப்பர் அல்லது நுரை டிப் செய்கிறது. எவ்வளவு ஆழம் செருக வேண்டும், எந்தச் சாய்வில் திருப்ப வேண்டும் என்று முதல் நாளில் கைக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் பழகிவிடும், மாட்டும்போதே சரியாக உட்காரும். ஆழம் மாறினால் 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிற ஒரு கூர்மையும் இடம் மாறும்.

இரண்டாவது இடம் நம் மூளை. இதை “எல்லாம் பிரமை” என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது. காது பழகுவது உண்மையான, அளக்கக்கூடிய நிகழ்வு. 1998-ல் நெதர்லாந்தில் ஹாஃப்மன், வான் ரிஸ்விக், வான் ஓப்ஸ்டல் ஆகிய மூவரும் ஒரு ஆய்வு செய்தார்கள். நான்கு பேருடைய காதுமடல்களுக்குள் அச்சு வார்த்து, மடலின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். சத்தம் மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று அவர்களால் சொல்ல முடியாமல் போனது. அந்த அச்சோடே அன்றாட வாழ்க்கையை நடத்தச் சொன்னார்கள். சில வாரங்களில் புதுக் காதோடு மேல் கீழ் தெரிய ஆரம்பித்துவிட்டது. அச்சைக் கழற்றியதும் பழைய காது உடனே, தடுமாற்றமில்லாமல் வேலை செய்தது. மூளை ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை எழுதவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டது.

புது ஹெட்போனும் கிட்டத்தட்ட ஒரு புதுக் காதுதான். பழையதில் பாஸ் தூக்கலாக இருந்து, புதியது சமமாக ஒலித்தால், முதல் நாள் சப்பென்று இருக்கும். நான்கு நாள் அதை மட்டும் கேட்டால் அதுவே இயல்பாகிவிடும். பழையதை எடுத்து மாட்டினால் இப்போது அதுதான் குடம் போல முழங்கும். பழைய ஹெட்போனை யாரும் இதற்கிடையில் ஓட விடவில்லை. அது மட்டும் எப்படி மாறியது?

காது கேட்கும் கருவி போடுகிறவர்களிடமும் இதையே பார்க்கலாம். முதல் தடவை கருவி போட்டவர் “தட்டு வைக்கிற சத்தம்கூடக் காதைக் கிழிக்கிறது” என்பார். சில வாரம் பொறுங்கள், மூளை பழகிக்கொள்ளும் என்று செவித்திறன் நிபுணர் சொல்வார். கருவி பழகும் என்று அவர் சொல்ல மாட்டார்.

மூன்றாவது, வால்யூம். நாள்பட நாள்பட நம்மை அறியாமல் ஒரு புள்ளி கூட்டி வைத்திருப்போம். சத்தத்தைக் கூட்டினால் பாஸ் தனியாகவும் கூடினது போலக் கேட்கும். இது 1933-லேயே பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் வரைந்து காட்டிய விஷயம். ஒரு டெசிபல் வித்தியாசத்தைக்கூட நாம் “சத்தம் கூடியிருக்கிறது” என்று உணர மாட்டோம். “தெளிவாக இருக்கிறது” என்றுதான் உணர்வோம்.

இயர்பட்ஸ், பிளேனர், பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எல்லாவற்றுக்கும் இதே பதிலா?

பேலன்ஸ்டு ஆர்மேச்சருக்குப் பர்ன்-இன் என்ற பேச்சே பொருந்தாது. அது காது கேட்கும் கருவிகளுக்காக வளர்ந்த தொழில்நுட்பம். காந்தத்துக்கு நடுவில் ஒரு சின்ன உலோகத் தகடு ஆடுகிறது. தளர்வதற்கு அகலமான சவ்வு இல்லை. பிளேனரிலும் (படலத்தின் மேலேயே மின்தடம் பதித்துக் காந்தத்தால் ஆட்டுவது) எலெக்ட்ரோஸ்டேட்டிக்கிலும் (மின்னழுத்தத்தால் ஆட்டுவது) இழுத்துக் கட்டிய மெல்லிய படலம் இருக்கிறது. எலெக்ட்ரோஸ்டேட்டிக்கில் அது ஒன்றிரண்டு மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிடப் பல பத்து மடங்கு மெல்லியது. அப்படிப்பட்ட படலத்தின் இழுவிசை ஓட ஓடத் தளர்ந்துகொண்டே போனால் அது நல்ல செய்தி இல்லை, கோளாறு.

புளூடூத் ஹெட்போன் வாங்கிய சில நாளில் நன்றாக ஒலிக்க ஆரம்பித்தது. எப்படி?

ஃபர்ம்வேர் (ஹெட்போனுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் வந்ததா என்று பாருங்கள். இரைச்சல் நீக்கும் வசதியுள்ள ஹெட்போன்களில் ஒலியைத் தீர்மானிப்பதில் பாதி வேலை உள்ளே இருக்கும் சிப்புக்கு. அப்டேட்டில் அந்தக் கணக்கை மாற்றினால் ஒலியும் மாறும். ஆப்பில் ஈக்வலைசர் ஏதாவது தானாக ஆன் ஆகியிருக்கலாம். வேறு போனோடு இணைத்தபோது வேறு கோடெக்கில் (புளூடூத் வழியே அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை) ஓடியிருக்கலாம். முதல் நாளே ஆப்பைப் போட்டு, அப்டேட் செய்து, ஈக்வலைசரை ஆஃப் செய்துவிட்டுக் கேட்டால் இந்தக் குழப்பம் வராது.

முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்பதும் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பழக்கம். லித்தியம் பேட்டரிக்கு அது தேவையில்லை.

தலையை ரொம்ப இறுக்குகிறது. அதுவாவது ஓட ஓடச் சரியாகுமா?

ஓடுவதால் சரியாகாது, மாட்டுவதால் சரியாகும். புதுச் செருப்பு கடிக்கிற கதைதான் இது. சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 போன்றவை புதிதில் பிடிக்கிற பிடிக்குப் பெயர்போனவை. இரவில் ஹெட்போன் வந்த பெட்டியின் மேலேயோ, தலையைவிடக் கொஞ்சம் அகலமான புத்தக அடுக்கின் மேலேயோ மாட்டி வைத்தால் சில நாளில் தளரும். உலோகப் பட்டை உள்ளவற்றைக் கையால் மெதுவாக விரிக்கலாம். பிளாஸ்டிக் பட்டையை அப்படி விரிக்கப் போய் உடைத்துவிடாதீர்கள். மிகவும் தளர்த்திவிட்டாலும் சிக்கல்: குஷன் சரியாக ஒட்டாமல் பாஸ் ஒழுகும்.

பாஸே வரவில்லை. பர்ன்-இன் செய்தால் வருமா?

வராது. எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். இயர்போன் என்றால் பத்துக்கு ஒன்பது தடவை டிப் அளவுதான் காரணம். பெட்டியில் இருக்கிற மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. ரப்பர் டிப் எதுவும் நிற்கவில்லை என்றால் நுரை டிப் வாங்கிப் பாருங்கள். மேலே மாட்டுகிற ஹெட்போன் என்றால் மூக்குக்கண்ணாடியின் கை, காதோரத்து முடி, பெரிய தோடு, ஜிமிக்கி இவற்றில் ஏதாவது குஷனைத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தடித்த சட்டமுள்ள கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாலே பலருக்குக் காரணம் தெரிந்துவிடும்.

செய்தால் நல்லது இல்லை, சரி. கெடுதல் ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததே இதனால்தான்.

ஆன்லைனில் வாங்குகிற பொருளுக்குப் பெரும்பாலும் 7 நாளோ 10 நாளோதான் திருப்பிக் கொடுக்க அவகாசம். தினம் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிற ஒருவருக்கு 100 மணி நேரம் முடிய 50 நாள் ஆகும். “காதைக் குத்துகிறது”, “ஒரு பக்கம் சத்தம் குறைவாக இருக்கிறது” என்று புகார் சொல்கிறவரிடம் “முதலில் நூறு மணி நேரம் ஓட விடுங்கள்” என்று பதில் வந்தால், அந்த அவகாசம் கையைவிட்டுப் போய்விடும். சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லலாம். ஆனால் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒருவருக்கு அதன் விளைவு பணநஷ்டம்தான். ஒரு பக்கம் சத்தம் குறைவது, கரகரப்பு, அதிர்வு இவையெல்லாம் கோளாறுகள். எந்தக் கோளாறும் ஓட விட்டுக் குணமாகாது. உடனே மாற்றிக் கேளுங்கள்.

இயர்பட்ஸில் இன்னொரு நஷ்டம். ஒரு சார்ஜில் 6 மணி நேரம் ஓடுகிற பட்ஸை 100 மணி நேரம் ஓட்ட வேண்டுமானால் 16, 17 தடவை சார்ஜ் ஏற்றி இறக்க வேண்டும். அந்தக் குட்டிப் பேட்டரியின் ஆயுளில் ஒரு துண்டை யாருமே கேட்காத பாட்டுக்காகச் செலவழிக்கிறோம்.

வால்யூமை முழுசாக வைத்து ஓட விடுவது இன்னும் மோசம். கம்பிச் சுருள் சூடேறும், சவ்வு எல்லை மீறி ஆடும். நன்றாக இருந்ததைக் கெடுக்க இது ஒரு வழி.

கேட்டுக்கொண்டே பழக்கலாம் என்று சத்தமாகக் கேட்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10; 90-க்கு வரும்போது வாரத்துக்கு 4 மணி நேரம்தான் மிஞ்சும். குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம். உட்காதில் இருக்கிற மயிரிழை உயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. ஹெட்போனை மாற்றிக்கொள்ளலாம், அதை மாற்ற முடியாது. கேட்டு முடித்ததும் காதில் ‘ங்ங்’ என்று ரீங்காரம் இருந்தால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்படியானால் முதல் நாள் என்னதான் செய்ய வேண்டும்?

சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

இடது வலது சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தனிக் குரல் ஒன்று பாடுகிற பதிவைப் போடுங்கள். குரல் நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சாய்வும் திரும்பினால் காரணம் ஹெட்போன், அல்லது பதிவு, அல்லது போன் அமைப்பு; வேறு பதிவிலும் வேறு போனிலும் அப்படியே இருந்தால் கோளாறு ஹெட்போனில். திரும்பாமல் அதே காதில் நின்றால் காரணம் உங்கள் காது. பல நேரம் காதுக் குறும்பியாகக்கூட இருக்கும். குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிக் கரைந்து, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கம் ஒயர் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கலாம். அதையும் உடனே திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து தம்புரா. மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கிற சுருதி என்பதால், கரகரப்போ ஒரு பக்க ஏற்ற இறக்கமோ இருந்தால் அதில் ஒளிந்துகொள்ள முடியாது. அதன்பின் மிருதங்கம், முடிந்தால் தனியாவர்த்தனம். வலது முகமான வலந்தலையின் ‘நம்’ கணீரென்று, காதைக் குத்தாமல் வர வேண்டும். இடது முகமான தொப்பியில் கையை அழுத்தித் தேய்க்கும்போது வருகிற கும்கி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் ஓரிடத்திலும் தொக்கி நிற்காமல், எந்தச் சுரத்திலும் பரபரவென்று அதிராமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். பாஸை நிறையக் கூட்டி வைத்த ஹெட்போனில் கும்கி வெறும் ‘பூம்’ ஆகிவிடும். அது கோளாறு இல்லை, அந்த ஹெட்போனின் குணம். ஆனால் உங்களுக்குக் கச்சேரி முக்கியம் என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, குறைந்த வால்யூமில் 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சுரத்தை ஒருமுறை போடுங்கள். யூடியூபில் நிறைய இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு இடத்தில் ஒரு பக்கம் மட்டும் ‘ஜிர்ர்’ என்றால் பயந்துவிடாதீர்கள். குஷனைக் கழற்றி, ஸ்பீக்கருக்கு மேலே உள்ள வலையில் தலைமுடி ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு முடி சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், ஸ்பீக்கர் கிழிந்த மாதிரிச் சத்தம் வரும். மெதுவாக எடுத்துவிட்டால் போய்விடும். போகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

இயர்போனைக் காதில் அழுத்தும்போது மட்டும் சருகு நொறுங்குவது போல ஒரு சத்தம் வந்தால், அது உள்ளே அடைபட்ட காற்று சவ்வை ஒரு கணம் மடக்குவதால் வருவது. காதுமடலைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு மெதுவாகச் செருகினால் குறையும்.

கேபிளுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் பர்ன்-இன் உண்டா?

கேபிளுக்கு இல்லை. செம்புக் கம்பியில் பாட்டு ஓடி எதுவும் மாறுவதில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் ஒவ்வொரு முறையும் சூடேறச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அது வேறு விஷயம்.

வருடக்கணக்கில் பயன்படுத்தினால் ஹெட்போன் சத்தம் மாறுமா?

மாறும், இங்கேயும் குஷனால்தான். நுரை தட்டையாகி, காது உள்ளே இருக்கும் வலையைத் தொடுகிற நிலை வரும். எச்டி 650 போன்றவற்றில் புதுக் குஷன் போட்ட அன்று ஹெட்போனே வேறாக ஒலிப்பதைக் கேட்கலாம். ரெக்ஸின் மாதிரியான செயற்கைத் தோல் குஷன்கள் வியர்வையும் ஈரக்காற்றும் பட்டு இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து, கறுப்புத் துகளாகக் காதில் ஒட்டும். உரிந்த இடம் வழியாகவும் பாஸ் ஒழுகும். கம்பெனிக் குஷன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளியில் கிடைக்கிறவற்றின் கனமும் ஓட்டைகளும் வேறாக இருப்பதால் ஒலியும் வேறாகும். இயர்போன்களில் வயதானால் வருகிற ‘சத்தம் குறைந்துவிட்டது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் வலையில் அடைத்த காதுக் குறும்பி. வலையைக் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்து, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

கோளாறு எதுவும் இல்லை, ஆனால் ஒலி பிடிக்கவில்லை. எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தில் இரண்டு நாளைக் கடைசியில் மிச்சம் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் வரை. அந்த நாட்களில் பழைய ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டுப் புதியதை மட்டும் கேளுங்கள். மூளைக்குப் பழக ஒரு வாய்ப்புக் கொடுத்த மாதிரி இருக்கும். வால்யூமை ஒரே இடத்தில் வையுங்கள். டிப்பை மாற்றிப் பாருங்கள். ட்ரெபிள் குத்தினால் ஈக்வலைசரில் அந்தப் பகுதியை இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு பிடிக்கவில்லை என்றால் அந்த ஹெட்போன் உங்களுக்கானது இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால் அதுவரை பில், பெட்டி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறைகள், எடுத்துப் பார்க்காத டிப்கள் உட்பட எதையும் தூக்கிப் போடாதீர்கள். காதுக்குள் போடும் இயர்போன்களைச் சுகாதாரக் காரணம் சொல்லித் திரும்ப வாங்க மறுக்கும் கடைகளும் உண்டு; அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.